தரைதட்டிய கப்பல்: இழுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

காவேரிப்பட்டணம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் துறைமுகம் எங்கே என்று கேட்பார்கள். பெயரில் பட்டணம் இருக்கிறது, கடல்தான் இல்லை. கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவே தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஊர். அங்கிருந்து கிளம்பிப் போய் 24 வருஷம் சரக்குக் கப்பல்களில் இருந்தேன். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட்டாக ஓய்வு பெற்று, இப்போது மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா மகன் போன வருஷம் கேடட்டாகக் கப்பல் ஏறினான். லீவில் வந்தவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "மாமா, தரைதட்டினா ஃபுல் ஆஸ்டர்ன் குடுத்துப் பின்னாடி எடுத்துட வேண்டியதுதானே?"

பதில் சொல்லாமல் அவனை ஏரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே அன்று காலையிலிருந்து வண்டல் ஏற்றிய ஒரு டிராக்டர் டிரெய்லரோடு சேற்றில் இறங்கி நின்றிருந்தது. டிரைவர் ரேஸ் கொடுக்கக் கொடுக்க, பின்சக்கரம் தனக்குத் தானே குழி பறித்துக்கொண்டு அச்சு வரை போய்விட்டது. இன்னொரு டிராக்டரைக் கட்டி இழுத்தார்கள். கொக்கியின் ஊசி வளைந்ததுதான் மிச்சம். ஒரு பெரியவர் வந்து பார்த்தார். "முதல்ல பாரத்த எறக்குங்கடா" என்றார். பாதி வண்டலை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டிச் சரித்து, வேப்பங்கிளை போட்டார்கள். அப்புறம் அதே டிராக்டர் அதே கயிற்றில் இழுத்தது, வண்டி வந்துவிட்டது.

இரண்டு லட்சம் டன் கப்பலுக்கும் கணக்கு இதேதான். அவனுக்காக எழுதி வைத்ததைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். கப்பலில் நிற்கிறவனுக்கு என்ன தெரியுமோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். அறிகுறிகள் ஒவ்வொன்றாக வராது, இரண்டு மூன்று சேர்ந்து வரும். அப்படி வந்தால் தண்ணீர் உள்ளே ஏறுகிற பகுதியை முதலில் படியுங்கள்.

வேகம் குறைந்து சைபர் ஆகிவிட்டது, சத்தமே இல்லை

சேற்றிலோ மணலிலோ ஏறியிருக்கிறீர்கள். பாறை என்றால் சத்தமே சொல்லிவிடும். சேறு அப்படியில்லை, சில சமயம் ஜி.பி.எஸ்ஸில் வேகம் குறைவதைப் பார்த்துத்தான் தெரியவரும். டீ கிளாஸ்கூட ஆடியிருக்காது.

முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். பின்னோக்கி முழு வேகம் கொடுக்கத்தான் கை போகும்; கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மூன்று காரணம். ப்ரொப்பெல்லர் பின்னோக்கிச் சுற்றும்போது தள்ளுகிற தண்ணீர் முன்பக்கம் போகும். அது அடி மண்ணைக் கிளறிக் கப்பலுக்கு அடியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டாவது, பின்பக்கம் ஆழம் எவ்வளவு என்று இன்னும் பார்க்கவில்லை. சுக்கானும் ப்ரொப்பெல்லரும் எதிலாவது மோதினால் மிதந்த பிறகும் கப்பல் ஓடாது. மூன்றாவது, அடியில் ஓட்டை விழுந்திருக்கலாம், அந்த ஓட்டையைத் தரையே அடைத்துக்கொண்டிருக்கலாம்.

எஞ்சின் நின்றதும் அலாரம், தண்ணீர்ப்புகாக் கதவுகள், எல்லா டேங்குகளிலும் சவுண்டிங், அதாவது உள்ளே எவ்வளவு மட்டத்துக்கு இருக்கிறது என்று அளப்பது. பகலில் மூன்று கறுப்புப் பந்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஏற்றுங்கள். இரவில் நங்கூர விளக்கோடு இரண்டு சிவப்பு விளக்கு. தரைதட்டிய நேரத்தையும் அப்போதைய ஏற்றவற்ற நிலையையும், அதாவது கடல்மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல ஏற்றத்தின் உச்சியில் போய் ஏறியிருந்தால் நிலைமை மோசம், அடுத்த ஏற்றம் இவ்வளவு உயரம் வராமலே போகலாம். வற்றத்தில் ஏறியிருந்தால் பாதி அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். கடைமட்ட வற்றத்திலிருந்து ஏற்றம் வர ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும், அவ்வளவு நேரத்தில் வேலையை முடித்து வைத்திருக்கலாம்.

ஜெனரேட்டர் சூடேறுகிறது, கடல்நீர் பம்ப் திணறுகிறது

அடியிலிருக்கும் உறிஞ்சுவாய் சேற்றை இழுக்கிறது. உயரத்தில் இருக்கும் உறிஞ்சுவாய்க்கு மாற்றிவிட்டு வடிகட்டியைக் கழுவுங்கள். இதை மறந்து கரண்ட் போய்விட்டால் பாலாஸ்ட் பம்பும் ஓடாது. பாலாஸ்ட் என்பது கப்பலின் எடையைச் சரிக்கட்ட டேங்குகளில் ஏற்றி வைக்கும் கடல்நீர். அப்புறம் கீழே சொல்வது எதையும் செய்ய முடியாது.

முன்பக்கம் மட்டும் ஏறியிருக்கிறது, பின்பக்கம் லேசாக ஆடுகிறது

கிடைக்கக்கூடிய தரைதட்டலில் நல்லது இதுதான். ஆனால் முன்பக்கம்தானா என்று ஊகிக்கக் கூடாது, அளக்க வேண்டும்.

கப்பலைச் சுற்றி பத்து, பதினைந்து மீட்டருக்கு ஓரிடமாக ஆழம் பாருங்கள். எக்கோ சவுண்டர் அது பொருத்தியிருக்கிற இடத்தில்தான் சொல்லும். சுற்றிலும் பார்க்க ஈயக் குண்டும் கயிறும்தான். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் சோப்பை அழுத்தி வைத்து இறக்க வேண்டும். ஒரு ஆற்று முகத்துவாரத்தில் நாங்கள் ஏறி நின்ற ராத்திரி அந்த வேலை என் கையில் இருந்தது. முன்பக்கம் இறக்கி எடுத்தபோது சோப்பில் சாம்பல் நிறச் சேறு அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டு போனால் அழுகிய இலை வாசம். நடுப்பகுதிக்கு வந்ததும் சேற்றோடு மணல் நறநறத்தது. பின்பக்கத்தில் சோப்பு சுத்தமாக வந்தது, குண்டு தரையையே தொடவில்லை. எங்கே, எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

அடுத்தது டிராஃப்ட், அதாவது கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழத்துக்கு அமிழ்ந்திருக்கிறது என்ற அளவு. கப்பலின் முன்னும் நடுவிலும் பின்னும் எழுதியிருக்கும் எண்களைப் படகில் இறங்கி டார்ச் அடித்துப் படிக்க வேண்டும். கிளம்பும்போது எழுதிய டிராஃப்டிலிருந்து இப்போதைய சராசரி எத்தனை சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழ எத்தனை டன் வேண்டும் என்பது கப்பலின் அட்டவணையிலேயே இருக்கும், டி.பி.சி. என்பார்கள். இரண்டையும் பெருக்கினால் தரை உங்களை எவ்வளவு எடைக்குத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தோராயமாக வந்துவிடும்.

நிலக்கரி, தானியம் மாதிரி சரக்கை அப்படியே கொட்டி ஏற்றும் 200 மீட்டர் நீள பல்க் கேரியர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டி.பி.சி. 55 டன், சராசரி டிராஃப்ட் 40 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. 40 × 55 = 2,200 டன் தரை மேல் இருக்கிறது. இதைப் பக்கவாட்டில் நகர்த்த எவ்வளவு இழுவை வேண்டும் என்பதை அடி மண் முடிவு செய்யும். மென்சேறு என்றால் அந்த எடையில் 20 முதல் 30 சதவீதம், மணல் என்றால் 30 முதல் 40, பவளப்பாறை என்றால் 50 முதல் 80. கரும்பாறையில் எடையையே தாண்டிப் போகும். மணல் என்று வைத்து 35 சதவீதம் போட்டால் 770 டன் இழுவை. கப்பல்களை இழுக்கும் துறைமுக இழுவைப் படகு, அதாவது டக், ஒன்று 60 டன் இழுக்கும் என்றால் பதின்மூன்று டக் வேண்டும். எந்தத் துறைமுகத்தில் சும்மா நிற்கிறது பதின்மூன்று டக்?

இப்போது இழுப்பதை விடுங்கள், எடையைப் பாருங்கள். அடுத்த ஏற்றம் 20 சென்டிமீட்டர் கூடுதலாக வருகிறது: 20 × 55, அதாவது 1,100 டன்னைக் கடலே தூக்கிக்கொள்ளும். தட்டியிருக்கிற இடத்துக்கு மேலே இருக்கும் பாலாஸ்ட் டேங்கிலிருந்து 1,000 டன்னை வெளியே தள்ளினால் மிச்சம் 100 டன். அதற்கு வேண்டிய இழுவை 35 டன். ஒரே ஒரு டக்.

நூறு முறை சொன்னாலும் ஆட்கள் டக்கைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். சரி, கூப்பிடுங்கள், வந்து சேர நேரமாகும். அது வருவதற்குள் கணக்கைப் போட்டு வையுங்கள்.

முன்பக்க பாலாஸ்ட்டை எடுத்துப் பின்பக்க டேங்கில் நிரப்பினாலும் மூக்கு தூக்கும். ஆனால் பின்பக்கம் அமிழும்போது அங்கேயும் தட்டுமா என்று ஈயக் குண்டின் கணக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எந்த டேங்கையும் பாதியில் விடாதீர்கள், உள்ளே தண்ணீர் அலைந்து கப்பலைச் சாய்க்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாதி நிரம்பிய தண்ணீர் லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு அலைக்கும் தூக்கித் தூக்கிப் போடுகிறது, கரைக்கு இன்னும் நெருங்குகிறது

இங்கே வேலை தலைகீழ். எடையைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். காலி டேங்குகளில் கடல்நீரை நிரப்பிக் கப்பலைத் தரையில் அழுத்தி உட்கார வையுங்கள். பாதி மிதக்கிற கப்பலை அலை தூக்கித் தரையில் அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கரைக்குள் தள்ளும். அழுத்தமாக உட்கார்ந்த கப்பல் புயல் ஓயும் வரை இருந்த இடத்தில் இருக்கும். மிதக்க வேண்டிய கப்பலில் தண்ணீர் நிரப்பச் சொன்னால் புதிதாக வந்த பையன்கள் நம்மைப் பைத்தியம் மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கூடவே நங்கூரங்களைக் கடல் பக்கம் கொண்டுபோய்ப் போட வேண்டும். அது கப்பலை இன்னும் கரைக்குள் போகாமல் பிடிக்கும். பிறகு அதே நங்கூரக் கம்பியை வின்ச்சில் சுற்றி இழுக்கவும் ஆகும். 2007 ஜூன் 8 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 'பாஷா பல்கர்' புயலில் கரையேறியபோது இப்படித்தான் கடலுக்குள் நங்கூரம் போட்டுக் கம்பி கட்டினார்கள். முதல் முயற்சியில் கம்பி அறுந்தது. ஜூலை 2-ஆம் தேதிதான் மிதந்தது. கம்பி என்றதும் ஒன்று: இறுக்கத்தில் இருக்கும் கம்பிக்கு நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் அது திரும்பி வருகிற வேகத்தைக் கண் பிடிக்காது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயலில் சென்னை எலியட்ஸ் கடற்கரை அருகே 'பிரதிபா காவேரி' எண்ணெய்க் கப்பல் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்கள் அலையில் கவிழ்ந்தார்கள். அதில் சிலர் இறந்துபோனார்கள். கப்பல் உடையவில்லை. நவம்பரில் அதை மீட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். எரியாத, உடையாத, மூழ்காத கப்பல்தான் அந்த நேரத்தில் இருக்கிற பெரிய படகு.

வற்றம் இறங்க இறங்க ஒரு பக்கம் சாய்கிறது

தரை அடியிலிருந்து மேலே தள்ளுகிறது. அது கப்பலின் அடிவயிற்றிலிருந்து எடையை உருவி எடுத்ததற்குச் சமம்; புவியீர்ப்பு மையம் மேலே போன மாதிரி ஆகிவிடும். ஒகேனக்கலில் பரிசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் எப்படி இருக்கும், அந்த நிலை. தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் இது கூடும். நீளவாக்கில் சமமாக உட்கார்ந்திருந்தால் பயமில்லை. குறுகிய மேடு ஒன்றின் மேல் நின்றுகொண்டிருந்தால், வற்றத்தின் கடைசி மட்டத்தில் தாங்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். தாங்காது என்றால் அடி டேங்குகளை முழுக்க நிரப்புங்கள்.

கவிழ்ந்தே விட்ட கப்பல் வேறு கதை. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவில் சாய்ந்த 'கோஸ்டா கன்கார்டியா'வை நிமிர்த்த 2013 செப்டம்பர் ஆயிற்று. பக்கங்களில் ராட்சத இரும்புப் பெட்டிகள் கட்டி மிதக்க வைத்து ஜெனோவாவுக்கு இழுத்துப் போனது 2014 ஜூலையில்.

டேங்க் சவுண்டிங் ஏறுகிறது, அல்லது கடல் மேல் எண்ணெய் மினுங்குகிறது

அடி கிழிந்திருக்கிறது. யார் வந்து என்ன சொன்னாலும் இப்போது கப்பலை நகர்த்தக் கூடாது.

1989 மார்ச் 24, அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' பிளை பாறையில் ஏறியது. ஏறிய பிறகும் சிறிது நேரம் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள், நல்லவேளை அது அசையவில்லை. அடியில் அத்தனை டேங்க் கிழிந்த கப்பல் பாறையிலிருந்து விடுபட்டிருந்தால் கவிழ்ந்திருக்கக்கூடும் என்பதே பின்னால் வந்த கணிப்பு. சுமந்து வந்ததில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் கடலில் கொட்டியது. மிச்சம் நான்கு பங்கையும் பாறையில் உட்கார்ந்திருக்கும்போதே வேறு கப்பல்களுக்கு இறைத்துவிட்டு, ஏப்ரல் 5-இல்தான் மிதக்க வைத்தார்கள். கப்பல் உட்கார்ந்திருந்த பாறையேதான் அதுவரை அதைத் தாங்கிப் பிடித்திருந்தது.

சரி, ஓட்டையோடு எப்படி மிதக்க வைப்பது? டைவர் போய் அடைக்கக்கூடிய கிழிசல் என்றால் அடைக்கலாம். அடியில் மாட்டிக்கொண்டு கை போகாத இடம் என்றால் காற்றுதான். கவிழ்த்த சொம்பை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். வாய் திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் தண்ணீர் உள்ளே ஏறாது. அதே மாதிரி டேங்கின் மேல்மூடி, காற்றுக்குழாய், சவுண்டிங் குழாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கம்ப்ரஸரால் காற்றைச் செலுத்தினால், உள்ளே புகுந்த தண்ணீர் வந்த ஓட்டை வழியாகவே வெளியே போகும். அழுத்தத்தை அளந்து கொடுக்க வேண்டும். டேங்கின் மேல்தட்டு தண்ணீரின் கனத்தைத் தாங்கக் கட்டியது, ஆத்திரத்தில் காற்றை ஏற்றினால் வீங்கிப் பிளந்துவிடும்.

இழுத்துப் பார்த்தாயிற்று, அசையவே இல்லை

இழுவை போதவில்லை என்று நினைக்காதீர்கள். முதலில் டிராஃப்டை மறுபடி படியுங்கள். எடை குறைந்திருக்கிறதா? குறையவில்லை என்றால் இன்னும் நாலு டக் வந்தும் பயனில்லை.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 'எவர் கிவன்'. 400 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 59 மீட்டர் அகலம். மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். 2021 மார்ச் 23 காலையில் சூயஸ் கால்வாயில் மூக்கு ஒரு கரையிலும் வால் எதிர்க்கரையிலுமாகக் குறுக்கே நின்றது. முதல் நாட்களில் டக்குகள் இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. மூக்கு கரை மண்ணுக்குள் போயிருந்தது. அந்த மண்ணை எடுக்காமல் இழுப்பது புதைத்த கம்பத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிற வேலை. கால்வாய் நிர்வாகத்தின் 'மஷ்ஹூர்' தூர்வாரும் கப்பல் வந்தது. முன்பக்கத்தைச் சுற்றி சுமார் 30,000 கன மீட்டர் மண்ணை உறிஞ்சி எடுத்தார்கள், பாலாஸ்ட்டைக் குறைத்தார்கள். 285 டன் இழுவை கொண்ட 'ஆல்ப் கார்டு' என்ற கடல் டக்கும் வந்து சேர்ந்தது.

அந்த மார்ச் 28 நமக்குப் பங்குனி உத்திரம். இங்கே காவடி எடுத்துக்கொண்டிருந்த அதே பௌர்ணமி அங்கே கால்வாயில் தண்ணீரை உயர்த்திக்கொண்டிருந்தது. 29-ஆம் தேதி விடியற்காலையில் வால் விடுபட்டது, பிற்பகலில் மூக்கும் வந்துவிட்டது. கண்டெய்னர்களை இறக்கவும் தயாராக இருந்தார்கள், தேவைப்படவில்லை.

ஒரு வருஷம் கழித்து 2022 மார்ச் 13-இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 'எவர் ஃபார்வர்ட்' சேற்றில் ஏறியபோது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தூர்வாரி, மாதக் கடைசியில் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. பிறகு இன்னும் தோண்டி, 500 கண்டெய்னர்களைக் கிரேனால் இறக்கினார்கள். சுமந்து வந்ததில் அது பத்தில் ஒரு பங்குதான். ஏப்ரல் 17 காலை மிதந்தது. முந்தின நாள் சித்ரா பௌர்ணமி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஏற்றம் அதிக உயரம் வரும். அதனால் மீட்பு வேலைக்காரர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள், பெயர் மட்டும் ஏற்றவற்ற அட்டவணை. என் அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "இதுக்கா கப்பல் படிப்பு?" என்றார்.

மென்சேற்றில் இன்னொரு தொல்லை, அது அடிப்பலகையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நேராக இழுத்தால் விடாது. டக்கை இடமும் வலமும் மாற்றி மாற்றி இழுக்கச் சொல்லி மெல்ல அசைத்துக் கொடுங்கள். செருப்பு சேற்றில் மாட்டினால் காலைத் திருகித்தானே எடுக்கிறோம்.

டெக்கில் பெயிண்ட் கோடு போல் உரிகிறது, சரக்கறை மூடிகள் சரியாக மூடவில்லை

கப்பல் வளைகிறது. நடுவில் மட்டும் தரை தாங்கி இரு முனையும் தொங்குகிறது, அல்லது இரு முனையும் தாங்கி நடு தொங்குகிறது. சரக்கையோ பாலாஸ்ட்டையோ ஓரிடத்திலிருந்து எடுக்கும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்காவிட்டால் நாமே ஒடித்துவிடுவோம். பவளப்பாறையில் ஏறிய கப்பலுக்கு நாள் போகப் போக ஆபத்து கூடும். மொரீஷியஸில் 2020 ஜூலை 25-இல் ஏறிய 'வகாஷியோ' ஆகஸ்ட் நடுவில் இரண்டாக உடைந்தது. இந்த அறிகுறி தெரிந்தால் மிதக்க வைப்பது இரண்டாம் பட்சம், முதலில் எரிஎண்ணெயை இறக்குங்கள்.

வந்துவிட்டது

முதலில் தெரிவது அசைவு இல்லை, கப்பலின் திசையைக் காட்டும் ஜைரோ காம்பஸ். எங்கள் கப்பலில் பல மணி நேரம் ஒரே எண்ணில் நின்றிருந்த காம்பஸ் விடியற்காலையில் அரை டிகிரி நகர்ந்தது. கேப்டன் ஒன்றும் பேசவில்லை, விரலால் காட்டினார். அடுத்த நிமிஷம் இன்னும் இரண்டு டிகிரி.

அந்த நேரத்தில் கைதட்டுவதற்கு முன் யோசித்து வைத்திருக்க வேண்டியவை சில. விடுபட்ட கப்பல் இழுவையின் வேகத்தில் எதிர்ப்பக்கம் போய் ஏறிவிடலாம், பிடிக்க அந்தப் பக்கம் ஒரு டக் வேண்டும். நங்கூரம் போடத் தயாராக ஆள் நிற்க வேண்டும். டேங்க் சவுண்டிங்கை அரை மணிக்கொரு முறை மறுபடி எடுக்க வேண்டும். தரை அடைத்து வைத்திருந்த ஓட்டை இப்போதுதான் திறக்கும். சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சின்.

நாங்கள் ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டோம். மூன்றாம் நாள் டைவர் அடியைப் பார்த்துவிட்டு மேலே வந்து, பெயிண்ட் சில்லு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அடியில் முப்பது மீட்டர் நீளத்துக்கு அப்படி உரிந்திருந்ததாம். ஓட்டை எதுவும் இல்லை.